டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா மூச்சு முழுசா இறங்க மாட்டேங்குது. பிசியோகிட்ட அனுப்பிருக்காங்க, யாராச்சும் போயிருக்கீங்களா?

தூங்காநிலா:

மக்களே, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. ஏழெட்டு மாசமா எனக்கு மூச்சுல ஏதோ கோளாறு. ஓடினா இரைக்குதுன்னும் சொல்ல முடியாது, சும்மா உக்காந்திருக்கும்போதுதான் வரும், இழுக்கிற காத்து அடி வரைக்கும் போய்ச் சேராத மாதிரி ஒரு தவிப்பு, தோளைத் தூக்கி பெருசா ஒண்ணு இழுப்பேன், இல்லன்னா கொட்டாவிய வலுக்கட்டாயமா வரவழைப்பேன், பத்துல ஒரு தடவை அப்பாடான்னு இறங்கும், ரெண்டே நிமிஷத்துல மறுபடி பழையபடி. கூடவே விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது, உதட்டைச் சுத்தி குறுகுறுன்னு இருக்கு, தலை மிதக்குது. ஒரு பலமான ஜுரமும் இருமலும் வந்து படுத்து எழுந்ததுக்கு அப்புறம்தான் இதெல்லாம்.

எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, ஊதிப் பாக்குற டெஸ்ட், ரத்தம், தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல். ஆக்ஸிமீட்டர் வாங்கி வச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு விரல்ல மாட்டிப் பாப்பேன், 98, 99ன்னு காட்டும், அது அப்படிக் காட்டக் காட்ட எனக்கு கோவம்தான் வரும். ஒரு டாக்டர் "டென்ஷன்தான், நல்லா தூங்குங்க"ன்னு அனுப்பிட்டார். இன்னொருத்தர்தான் நீங்க மூச்சு விடுற முறையே மாறிப் போச்சுன்னு சொல்லி, அதுக்குன்னே பயிற்சி குடுக்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தார். பிசியோன்னா முட்டி வலி இடுப்பு வலிக்குத்தானேன்னு நினைச்சிட்டிருந்தவ நான்.

போன வாரம் முதல் தடவை போனேன். போனதும் ஒரு ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிட்டிருந்தாங்க. நான் முடிச்சதும் "நீங்க எழுதிட்டிருந்தப்ப நிமிஷத்துக்கு 22 மூச்சு, நடுவுல ஒம்பது பெருமூச்சு"ன்னாங்க. எண்ணிட்டு இருந்திருக்காங்க! அப்புறம் படுக்க வச்சு வயித்து மேல ஒரு தடிப் புத்தகத்தை வச்சு, மூக்கு வழியா, சின்னதா, சத்தமே வராம மூச்சு விடுங்க, பெருசா இழுக்கவே கூடாதுன்னாங்க. எனக்கு காத்து பத்தலன்னு வந்தா இவங்க இன்னும் கம்மியா இழுங்கிறாங்க. மூணாவது நிமிஷம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆகி எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

என் கேள்வி இதான். இந்தத் தவிப்பு வர்றது சரிதானா, இல்ல நான் தப்பா பண்றேனா? எத்தனை நாள்ல சரியாகும்? நிஜமாவே இது ஒரு வைத்தியமா?


கதவிடுக்கு:

அய்யோ அந்த கொட்டாவிய வலுக்கட்டாயமா வரவழைக்கிறது! படிச்சதும் சிரிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டு வருஷம் நான் அதையேதான் பண்ணிட்டிருந்தேன், மீட்டிங்ல உக்காந்து நாலு தடவை கொட்டாவி விட்டு மேனேஜர்கிட்ட திட்டு வாங்கினவன் நான்.

நீங்க தப்பா எதுவும் பண்ணல. முதல் ரெண்டு வாரம் எனக்கும் அதே கதைதான், பயிற்சி பண்ணா இன்னும் மோசமா இருக்குன்னு போய் சண்டையே போட்டேன். அவர் என்ன பண்ணார்னா பத்து நிமிஷம் பண்ண வேணாம், ரெண்டு நிமிஷம் பண்ணு, ஆனா ஒரு நாளைக்கு எட்டு தடவை பண்ணுன்னு மாத்திக் குடுத்தார். அதுலதான் பிடி கிடைச்சது. தவிப்பு கொஞ்சம் எட்டிப் பாக்கணும், ஆனா முடிச்சதும் லபக்னு ஒரு பெரிய மூச்சு இழுத்தே ஆகணும்னு தோணுச்சுன்னா நீ ஓவரா குறைச்சிட்டன்னு அர்த்தம், இதான் அவர் சொன்ன கணக்கு.

எனக்கு பெரிய கண்டுபிடிப்பு என்னன்னா, நான் டைப் பண்ணும்போது மூச்சையே நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு மெயில் அடிச்சு முடிக்கிற வரைக்கும் வயிறு கல்லு மாதிரி. அனுப்பின உடனே "ஹூம்"னு ஒரு பெருமூச்சு. நாள் முழுக்க இதே. வீட்ல வீடியோ எடுத்துக் காட்டினப்பதான் நம்பினேன். அப்புறம் பெல்ட், நான் ஒரு ஓட்டை இறுக்கமாத்தான் எப்பவும் போடுவேன், அதைத் தளர்த்தினதே பாதி வைத்தியம்.

எத்தனை நாள்னா, எனக்கு விரல் மரத்துப் போறது மூணு வாரத்துல நின்னுச்சு, காத்து பத்தாத ஃபீலிங் முழுசா போக மூணு மாசம் ஆச்சு. இப்பவும் தூக்கம் கெட்டா எட்டிப் பாக்கும், ஆனா பயம் இல்ல.


இடதுகைக்காரன்:

மூச்சு விடுறதுக்கு ட்யூஷனா, பொறந்ததுல இருந்து விட்டுட்டுதானே இருக்கோம் 😄 இதுக்கெல்லாம் ஆள் பாக்க வேணாம், யூட்யூப்ல தட்டுங்க, ராத்திரி வாயில டேப் ஒட்டிட்டு படுங்க, பகல்ல மூச்சைப் பிடிச்சு 60 செகண்ட் வர்ற வரைக்கும் பயிற்சி பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும். இல்லன்னா நல்லா ஆழமா இழுத்து இழுத்து விடுங்க, நுரையீரல் விரியும். படபடப்பு வந்தா ஒரு பேப்பர் கவர்ல வாயை வச்சு ஊதினா போதும், எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்.


நெஞ்சுக்கூடு:

நான் இதே வேலைதான் பாக்குறேன், பிசியோதெரபிஸ்ட், கடைசி பன்னெண்டு வருஷமா பெரும்பாலும் மூச்சுப் பயிற்சி மட்டும்தான். இங்க உக்காந்து உங்களுக்கு இதான் நோய்னு என்னால சொல்ல முடியாது, உங்க பிசியோ நேர்ல பாத்திருக்காங்க, அவங்க சொல்றதுதான் கணக்கு. ஆனா ஏன் கம்மியா இழுக்கச் சொல்றாங்கன்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும், அதனால எழுதுறேன்.

சும்மா உக்காந்திருக்கிற ஒருத்தர் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காத்து இழுப்பார், நிமிஷத்துக்கு 12ல இருந்து 16 தடவை, ஆக ஆறேழு லிட்டர், மிஞ்சிப் போனா எட்டு. நீங்க 22. அதுல ஒவ்வொண்ணும் கொஞ்சம் பெருசா 700 மில்லின்னு வச்சாக்கூட 15 லிட்டர் தாண்டிடுது. நாற்காலில உக்காந்துகிட்டே உங்க மூச்சு மட்டும் வேகமா நடந்து போயிட்டிருக்கு. உங்களுக்கு காத்து பத்தாம இல்ல, அளவுக்கு மேல போயிட்டிருக்கு. அதனாலதான் ஆக்ஸிமீட்டர் 98, 99 காட்டுது, அது பொய் சொல்லல, அதுல இதுக்கு மேல ஏத்த இடமே கிடையாது.

ஏறாத ஆக்சிஜனுக்காக நீங்க இழுக்க இழுக்க, கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிட்டே இருக்கும். அதை எல்லாரும் வெறும் கழிவுன்னு நினைக்கிறாங்க. ரத்தத்துல அது 35ல இருந்து 45 மில்லிமீட்டர் பாதரசம் அளவுல இருக்கணும். கீழ இறங்கினா ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், அதான் தலை மிதக்குறது. ரத்தத்துல தனியா திரியுற கால்சியம் குறையும், நரம்பு துடிக்க ஆரம்பிக்கும், அதான் விரல்லயும் உதட்டுலயும் குறுகுறுப்பு. இன்னொரு விஷயம், 1904ல கிறிஸ்டியன் போர்னு ஒரு டேனிஷ்காரர் காட்டினது, கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா ஹீமோகுளோபின் ஆக்சிஜனை கெட்டியா பிடிச்சுக்கும், திசுக்களுக்கு லேசுல விட்டுக் குடுக்காது. காத்து பத்தலன்னு இழுக்கிற இழுப்பே இன்னும் பத்தாத மாதிரி ஆக்கிவிடும்.

இப்ப உங்க முதல் கேள்வி, தவிப்பு ஏன் வருது. மாசக்கணக்கா கார்பன் டை ஆக்சைடு கம்மியாவே இருந்தா உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும், சிறுநீரகம் பைகார்பனேட்டுங்கிற காரப் பொருளை வெளிய தள்ளி ரத்தத்தை சமன் பண்ணிடும், மூளையில இருக்கிற அலாரமும் அந்தக் குறைஞ்ச அளவையே நார்மல்னு எடுத்துக்கும். இப்ப நீங்க மூச்சைக் குறைச்சு அளவு சரியான இடத்துக்கு ஏறுறப்போ அலாரம் அடிக்குது. நிஜத்துல அந்த நேரம் ஆபத்து ஒண்ணும் இல்ல. அலாரத்தை மெதுவாதான் திருப்பி வைக்க முடியும், அடிச்சுத் திருப்ப முடியாது. அதனாலதான் கதவிடுக்கு சொன்ன ரெண்டு நிமிஷம் எட்டு தடவைங்கிறது நல்ல யோசனை, நானும் நிறைய பேருக்கு அப்படித்தான் குடுக்கிறேன்.

இதுல ஒண்ணு மறைக்காம சொல்லணும். எல்லாத்துக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் காரணம்னு நாங்க ஒரு காலத்துல ரொம்ப உறுதியா சொல்லிட்டிருந்தோம். 1996ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆளுங்களை வேகமா மூச்சு விட வச்சு, ஆனா அவங்களுக்கே தெரியாம கார்பன் டை ஆக்சைடு குறையாம பாத்துக்கிட்டாங்க, அப்பவும் நிறைய பேருக்கு அதே மாதிரி அறிகுறிகள் வந்துச்சு. ஆக பயம், கவனம், கழுத்துத் தசை வேலை செய்யுற விதம், எல்லாம் சேர்ந்த விஷயம் இது. அதனாலதான் இப்பெல்லாம் ஹைப்பர்வென்டிலேஷன், அதாவது அளவுக்கு மேல மூச்சு விடுறதுன்னு மட்டும் சொல்லாம மூச்சு முறைக் கோளாறுன்னு பொதுவா சொல்றோம். டென்ஷன்தான்னு ஒரே வார்த்தையில உங்களை அனுப்பினது பாதி உண்மை, மீதிப் பாதியச் சொல்லாம விட்டதுதான் தப்பு.

நீங்க நிரப்பின ஃபார்ம் அநேகமா நைமேகன் கேள்வித்தாளா இருக்கும், 16 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரை மார்க், மொத்தம் 64, பொதுவா 23 தாண்டினா இந்தப் பக்கம் யோசிப்போம். அதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம், அதனாலதான் நிரப்ப வச்சுட்டு ஓரக்கண்ணால எண்றது 😊 எண்ணப் போறேன்னு சொன்னா ஒருத்தரும் சாதாரணமா மூச்சு விட மாட்டாங்க. நான் கழுத்தைத்தான் முதல்ல பாப்பேன். காதுக்குக் கீழ இருந்து காலர் எலும்புக்கு இறங்குற அந்தத் தசை ஓய்வா உக்காந்திருக்கும்போது கயிறு மாதிரி புடைச்சு நிக்கக் கூடாது. அது ஓடும்போது உதவிக்கு வர்ற தசை, நாள் முழுக்க அதை வேலை வாங்கினா சாயங்காலம் கழுத்து வலி வராம என்ன வரும். அப்புறம் பேசவிட்டுப் பாப்பேன். ஒரு வாக்கியம் முடிச்சதும் வாயைத் திறந்து லபக்னு காத்தைக் கவ்வுறாங்களான்னு.

புத்தகம் வைக்கிறது எதுக்குன்னா வயித்தை உப்ப வைக்கிறதுக்கு இல்ல, இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க, வயித்தைத் தள்ளித் தள்ளி காட்டுவாங்க. உதரவிதானம், அதான் நுரையீரலுக்கு அடியில இருக்கிற மூச்சுத் தசை, கீழ இறங்கினா புத்தகம் தானா ஒரு விரக்கடை ஏறும், விட்டா தானா இறங்கும், அவ்வளவுதான். விடுற மூச்சைத் தள்ளாதீங்க, பலூன்ல முடிச்சை லேசா தளர்த்தின மாதிரி போகட்டும். விட்டு முடிச்ச இடத்துல ஒரு சின்ன ஓய்வு இருக்கும் பாருங்க, அடுத்த மூச்சு தானா வர்ற வரைக்கும். உங்களுக்கு அந்த ஓய்வு தொலைஞ்சு போயிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிறதுதான் மொத்தப் பயிற்சியும். படுத்துகிட்டு கழுத்து தளர மாட்டேங்குதுன்னா ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோத்து வச்சுப் படுங்க, மேல் நெஞ்சு தானா அடங்கும். பெருமூச்சு முட்டிகிட்டு வந்தா எச்சிலை முழுங்குங்க. முழுங்கும்போது மூச்சு தானா ஒரு கணம் நிக்கும், அந்த ஆசை பாதி அடங்கிடும்.

இடதுகைக்காரன், கோவிச்சுக்காதீங்க, பேப்பர் கவர் மட்டும் தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. நிஜமாவே ஆஸ்துமாவோ இதயப் பிரச்சனையோ நுரையீரல்ல ரத்தக்கட்டியோ இருக்கிறவர் கவருக்குள்ள ஊதினா ஆக்சிஜன் குறைஞ்சு உயிருக்கே ஆபத்து, பதட்டத்துல இருக்கும்போது எது எதுன்னு வீட்ல யாருக்குத் தெரியும். ஆழமா இழுத்து இழுத்து விடுறது நிலா மாதிரி ஆளுங்களுக்கு எரியுற தீயில எண்ணெய். அதேதான் யோகா கிளாஸ்ல வர்ற வேக வேகமா அடிச்சு மூச்சு விடுற வகைகளும், அதுக்குன்னு ஆட்கள் இருக்காங்க, இவங்க இல்ல. மூச்சைப் பிடிக்கிறது புடேய்கோன்னு ஒரு சோவியத் டாக்டர் 1950கள்ல கொண்டு வந்த முறையில இருந்து வருது, மூக்கு வழியா, குறைவாங்கிற அடிப்படை எங்க பயிற்சிக்கும் அதுக்கும் பொதுதான், ஆனா பயத்துல இருக்கிற ஒருத்தரை 60 செகண்ட் பந்தயத்துல விட்டா அவங்க அடுத்த நாள் பயிற்சி பக்கமே வர மாட்டாங்க. டேப்பு, குறட்டை இருக்கிறவங்க, மூக்கடைப்பு இருக்கிறவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காம ஒட்டாதீங்க.

ட்யூஷனான்னு கேட்டீங்க. இது புதுசு இல்ல, 1871லயே டா கோஸ்டான்னு ஒரு அமெரிக்க டாக்டர் உள்நாட்டுப் போர்ல இருந்து வந்த சிப்பாய்கள்கிட்ட மூச்சுத் தவிப்பு, படபடப்பு, ஆனா இதயத்துல கோளாறு எதுவும் தெரியலன்னு எழுதி வச்சிருக்கார். 1960கள்ல இங்கிலாந்துல பாப்வொர்த் ஆஸ்பத்திரில நெஞ்சு நோய் டாக்டரும் பிசியோக்களும் சேர்ந்து இதுக்குன்னே ஒரு பயிற்சி முறைய உருவாக்கினாங்க, இன்னிக்கு நாங்க சொல்லிக் குடுக்கிறதுல பாதி அங்க இருந்து வந்ததுதான்.

கடைசியா ஒண்ணு. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்த பிறகுதான் இந்தப் பயிற்சி, அந்த வரிசை மாறக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், சளியில ரத்தம், படுத்தா மூச்சு முட்டுறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ஆக்ஸிமீட்டர்ல வழக்கத்தை விட இறங்குறது, இதுல எது வந்தாலும் புத்தகத்தைக் கீழ வச்சுட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.


பனிப்பூச்சி:

நெஞ்சுக்கூடு அக்காவா அண்ணாவா தெரியல, எனக்கு சின்ன வயசுல இருந்து ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கிறேன், நீங்க எழுதினதுல பாதி எனக்கும் இருக்கு, பெருமூச்சு கழுத்து வலி எல்லாம். இந்தப் பயிற்சி பண்ணா இன்ஹேலரை விட்டுடலாமா?


நெஞ்சுக்கூடு:

அக்காதான். விடவே கூடாது பனிப்பூச்சி. ஆஸ்துமாங்கிறது மூச்சுக்குழாய் உள்ள வீங்கிச் சுருங்குறது, பயிற்சி அந்த வீக்கத்தைத் தொடாது. ஆனா ஆஸ்துமா இருக்கிற நிறைய பேருக்கு அது மேல இந்தக் கோளாறும் ஏறி உக்காந்திருக்கும், எது எதுன்னு தெரியாம அவசரத்துக்கு அடிக்கிற நீல இன்ஹேலரை அடிச்சுட்டே இருப்பாங்க. இங்கிலாந்துல ஆஸ்துமாக்காரங்க 655 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2018ல லான்செட்டோட நுரையீரல் இதழ்ல வந்துச்சு, பிசியோகிட்ட நேர்ல கத்துக்கிட்டவங்க, வீடியோவும் புத்தகமும் பாத்து வீட்லயே பண்ணவங்க, ரெண்டு கூட்டத்துக்கும் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் சுலபமாச்சு, ஆனா ஊதிப் பாக்குற டெஸ்ட்ல நுரையீரல் அளவு மாறவே இல்ல. அதனால மருந்தோட கூட சேர்த்துப் பண்ற விஷயம்தான் இது. மூச்சு இழுக்கும்போது தொண்டையில கீச்சுன்னு சத்தம் வந்து இன்ஹேலர் கேக்கலன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, குரல்வளை மூடிக்கிற பிரச்சனை ஆஸ்துமா மாதிரியே வேஷம் போடும்.

இடதுகைக்காரன் வீடியோ பாத்தே பண்ணலாம்னு சொன்னதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன் 🙂


இடதுகைக்காரன்:

சரி கவரைத் தூக்கிப் போட்டாச்சு. ஆனா சும்மா இருக்க முடியாம இப்ப என்னோடதை எண்ணிப் பாத்தேன், 19 வருது, எனக்கும் ஏதோ இருக்கா?


கதவிடுக்கு:

எண்ணாதய்யா, எண்ணினா ஏறும், அக்கா இப்பதான சொன்னாங்க.


தூங்காநிலா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, பதில் போடாம ஓடிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. எல்லாத்தையும் அன்னிக்கே ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு நிமிஷம் எட்டு தடவைய அடுத்த தடவை போனப்ப எங்க பிசியோகிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. முதல் வாரம் அழுகைதான். ரெண்டாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் புத்தகம் வச்சுப் படுத்திருந்தப்ப, நீங்க சொன்ன அந்த ஓய்வு, அது ஒரு தடவை தானா வந்துச்சு அக்கா. விட்டேன், அதுக்கப்புறம் ஒண்ணும் தேவைப்படல, நான் பாட்டுக்கு படுத்திருந்தேன், பயந்து போய் நானே இழுத்துட்டேன் 😄 ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சு போச்சுல்ல.

ஆக்ஸிமீட்டரை தங்கச்சிகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன். விரல் மரத்துப் போறது இந்த வாரம் ஒரே ஒரு தடவை. நேத்து அம்மாகிட்ட போன்ல முக்கா மணி நேரம் பேசிட்டு வைக்கப் போறேன், "என்னடி, இன்னிக்கு ஹூம் ஹூம்னு பெருமூச்சே விடல, கோவமா"ங்கிறாங்க. இத்தனை மாசமா நான் சலிச்சுக்கிறேன்னு நினைச்சிட்டு இருந்திருக்காங்க.

ஒண்ணு மட்டும் பிடிபடல. உக்காந்தா படுத்தா சரியா வருது, மாடிப்படி ஏறுனா ரெண்டாவது மாடிலயே வாய் தானா திறந்துக்குது. அதையும் மூடியேதான் ஏறணுமா?


நெஞ்சுக்கூடு:

அம்மாகிட்ட கோவம் இல்லன்னு சொல்லிட்டீங்களா முதல்ல.

படி ஏறும்போது மூச்சு ஏறத்தான் செய்யும், அது கோளாறு இல்ல. முதல் படில கால் வைக்கும்போதே மூச்சைப் பிடிச்சுக்கிறீங்களான்னு பாருங்க, முக்கால்வாசி பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க. ரெண்டு படிக்கு இழுங்க, மூணு படிக்கு விடுங்க. வாய் திறந்தா திட்டிக்காதீங்க, வேகத்தைக் குறைங்க, படி திரும்புற இடத்துல நின்னு கைப்பிடில முன்கையைச் சாச்சு லேசா குனிஞ்சா தோள் இறங்கும், மூக்குக்குத் திரும்பினதும் மேல ஏறுங்க. இப்போதைக்கு ஒரு மாடி போதும்.